நோய் நீங்கியோர் செய்யும் தானம்

கொல்கத்தா நகரில் கல்லூரிச் சதுக்கத்தின் ஓரமாக, அநகாரிக தர்மபாலர் கண்ட மகாபோதி சங்கத்தின் தர்மராஜிக சைத்திய விகாரை 1920ஆம் ஆண்டு முதல் விளங்கி வருகிறது. அந்நகரில் வாழும் நம் தமிழ் உபாசிகை ஒருவர் அண்மையில் நமக்கு ஒரு மடல் விடுத்துள்ளார். எட்டு ஆண்டுகளுக்கு முன் அவ்வம்மையாருக்கு மார்பில் புற்றுநோய் கண்டது. அறுவையும் மருந்துமாக ஓராண்டு வருந்தி, நோய் நீங்கி, இன்று நலமுற்றிருக்கிறார். அக்காலத்தில் முன்பின் அறியாதோர் அளித்த இரத்தம் அவருடம்பில் ஏற்றப்பட்டது. அந்தக் கடனைத் திருப்ப எண்ணி, வைசாகப் பௌர்ணமியையொட்டி நடந்த முகாம் ஒன்றுக்குச் சென்றார். அவர் நிரப்பித் தந்த படிவத்தைப் படித்தவர், "உங்களிடம் எடுக்க மாட்டோம்" என்று மட்டும் கூறி அடுத்தவரை அழைத்துவிட்டாராம்.

"என் பாட்டனார் ஊர்க் கிணற்றடியில் கேட்ட சொல்லை நான் இங்கே கேட்டேன். என் இரத்தம் தீட்டா? நான் பட்ட கடன் தீர வழியே இல்லையா?" என்பது அம்மடலின் முடிவு.

இவ்வினா ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ஆதலின் இதனை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

தீட்டு வேறு, விலக்கு வேறு

நம் முன்னோரை விலக்கியவர்கள் எதனையும் ஆராய்ந்து பார்த்து விலக்கவில்லை. பிறப்பைக் கேட்டார்கள், விலக்கினார்கள். அவ்விலக்கினால் எவர் உயிரும் காக்கப்படவில்லை. விலக்கியவரின் செருக்கு மட்டுமே காக்கப்பட்டது. இரத்தம் பெறுமிடத்து விலக்கோ அத்தகையதன்று. அமைச்சரேயாயினும் தெருக் கூட்டுபவரேயாயினும் ஒரே வினாக்களுக்கு விடை கூறியாக வேண்டும். எடை 45 கிலோவுக்குக் குறைந்தால் விலக்கு. இரத்தச் செம்பொருள் குறைந்தால் விலக்கு. மலேரியா கண்டு தேறியவருக்குச் சில மாதம் விலக்கு. இவையெல்லாம் பெறுகின்றவர் நலத்தையும் தருகின்றவர் நலத்தையும் கருதி வகுத்தவை.

1901இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்னும் அறிஞர் மனித இரத்தத்தில் வகைகள் உண்டென்று கண்டறிந்தார். அவ்வகைகள் எல்லாச் சாதியிலும் எல்லா நாட்டிலும் காணப்படுகின்றன. இரத்தப் பையின் மீது வகை எழுதப்படும், நாள் எழுதப்படும், குலம் எழுதப்படுவதில்லை. நம் சகோதரிக்கு ஏற்றிய இரத்தம் யாருடையதென்று அவரும் கேட்கவில்லை. அது யாருக்குச் செல்கிறதென்று கொடுத்தவரும் கேட்கவில்லை.

எனினும் முகாமில் இருந்தவர் மீது பிழையே இல்லை என்று நாம் கூற மாட்டோம். தலைமுறை தலைமுறையாக விலக்கப்பட்ட மக்களிடம் காரணம் கூறாமல் "மாட்டோம்" என்று சொல்லி அனுப்புவது கொடுமை. அவர் சொல்லாத காரணத்தை இனிக் காண்போம்.

இரத்த தானம்

இந்தியாவில் தேசிய இரத்தப் பரிமாற்றக் குழு 2017இல் வெளியிட்ட நெறிகளின்படி, புற்றுநோய் கண்டவர் குணமடைந்த பின்னும் இரத்தம் கொடுத்தல் ஆகாது. எல்லா நாடுகளிலும் இவ்விதி ஒன்றுபோல் இல்லை. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம், சிகிச்சை முடிந்து ஓராண்டு கழிந்து, நோய் மீண்டும் தோன்றாதிருப்பின் பலரிடம் ஏற்றுக்கொள்கிறது. இரத்தப் புற்றுநோய் கண்டவரை மட்டும் என்றும் ஏற்பதில்லை.

இரத்தத்தின் வழியே புற்றுநோய் பரவுமா என்று சுவீடன், டென்மார்க் நாடுகளின் பதிவேடுகளைக் கொண்டு ஆராய்ந்து 2007இல் முடிவு வெளியிட்டார்கள். இரத்தம் பெற்ற மூன்றரை இலட்சம் பேருக்கு மேல் அதில் கணக்கிடப்பட்டனர். தம்முள் நோய் மறைந்திருப்பதை அறியாமல் கொடுத்தவர்களின் இரத்தத்தைப் பெற்றோர் அவர்களுள் பன்னீராயிரம் பேர். அவர்களிடம் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படவில்லை. ஆகவே நம் சகோதரியின் இரத்தம் நஞ்சு என்று எவரும் கூறவில்லை. ஐயம் சிறிதேனும் எஞ்சியிருக்கையில் பெறுபவர் பக்கம் நிற்பதே நம் நாட்டு விதியின் கருத்து. கடும் மருந்துகளைத் தாங்கிய உடம்பை மேலும் வருத்தலாகாது என்பதும் மற்றொரு காரணம்.

உறுப்பு தானம்

உறுப்பின் நிலை வேறு. பிறர் சிறுநீரகத்தைப் பெற்றவர், உடம்பு அதனைத் தள்ளிவிடாதிருக்க, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை நாள்தோறும் உண்கிறார். அந்நிலையில் உறுப்போடு வந்த ஒரு சில நோயணுக்களும் தடையின்றிப் பெருகக்கூடும். பிரிட்டனில் ஒருவருக்கு 1982இல் மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் அறுத்து நீக்கப்பட்டது. 1998இல் அவர் இறந்தபின் சிறுநீரகங்கள் இரண்டும் இருவருக்குப் பொருத்தப்பட்டன. பதினாறு ஆண்டு உறங்கிக் கிடந்த நோய் அவ்விருவரிடத்தும் தோன்றியது, உயிரிழப்பும் நேர்ந்தது.

இதனால் புற்றுநோய் கண்ட எவரும் உறுப்பு தரவே முடியாது என்று முடிவு கட்டலாகாது. நோயின் வகை, பரவிய அளவு, குணமடைந்து கழிந்த ஆண்டுகள் ஆகியவற்றை நோக்கி, இறுதி வேளையில் மருத்துவரே தீர்மானிப்பர். நம் கடமை இரண்டு: நோய் வரலாற்றை ஒளிக்காமல் எழுதி வைத்தல், குடும்பத்தாரிடம் விருப்பத்தைக் கூறி வைத்தல். 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மூளைச்சாவு ஏற்கப்பட்டிருப்பினும், குடும்பத்தார் இசைந்தாலன்றி நடைமுறையில் உறுப்புகள் எடுக்கப்படுவதில்லை.

கண்ணும் உடலும்

நம் சகோதரிக்கு அடைபடாத வாயில்கள் இங்கே உள்ளன. கண்ணின் கருவிழிப்படலத்தில் இரத்தக் குழாய் இல்லை. ஆதலின் உடம்பின் பிற பாகங்களில் புற்றுநோய் கண்ட பெரும்பாலோரும் கண்களைத் தரலாம். இரத்தப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய், கண்ணிலேயே தோன்றும் சில புற்றுநோய்கள் ஆகியவையே விலக்கு. உயிர் பிரிந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். அதுவரை இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வைத்தல் நலம்.

சிவி அரசன் கண்களை ஈந்த ஜாதகக் கதையை நாம் அறிவோம். அக்கதையைக் கேட்டு வளர்ந்த இலங்கையில் 1961இல் மருத்துவர் ஹட்சன் சில்வா கண்தான சங்கம் நிறுவினார். 1964இல் அச்சங்கம் சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பிற்று. அதுமுதல் இலங்கை மக்களின் கண்கள் பல நாடுகளில் ஒளி தந்து வருகின்றன.

உடலைப் பற்றிக் கொல்கத்தாவே நமக்குப் பாடம் கற்பிக்கிறது. தர்மராஜிக விகாரையினின்று சிறிது தூரம் நடந்தால் 1835இல் நிறுவப்பெற்ற மருத்துவக் கல்லூரியை அடையலாம். பிணத்தைத் தொடுவது தீட்டு என்று நாடே நம்பிய காலத்தில், 1836இல், அக்கல்லூரியில் பண்டிதர் மதுசூதன குப்தர் சாதிக் கட்டுப்பாட்டை மீறி மனித உடலை அறுத்து ஆராய்ந்தார். அன்று உடைந்த தீட்டின் மீதுதான் இந்நாட்டு அறுவை மருத்துவம் எழுந்தது.

1957இல் ஆங்கில அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன் அந்நகருக்கு வந்து, இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றினார். பின்னர் புவனேசுவரம் சென்றார். மலக்குடலில் புற்றுநோய் கண்டு 1964இல் லண்டனில் அறுவை செய்துகொண்டார். மருத்துவமனையிலிருந்தபடியே, நோய்க்குறி தோன்றியவுடன் மருத்துவரை நாடுமாறு மக்களைத் தூண்டும் நகைச்சுவைப் பாடல் ஒன்றை எழுதினார். அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் அவர் மறைந்தார். தம் உடல் பிறருக்குப் பயன்பட வேண்டும் என்று அவர் எழுதி வைத்திருந்த வண்ணம், அது காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது. புற்றுநோய் அக்கொடையைத் தடுக்கவில்லை.

அவர் பிறந்த நாளாகிய நவம்பர் 5இல், 1986ஆம் ஆண்டு, கொல்கத்தாவின் கணதர்ப்பண் அமைப்பினர் உடல்தான உறுதிமொழி இயக்கத்தைத் தொடங்கினர். முதலமைச்சராக நெடுங்காலம் இருந்த ஜோதி பாசு 2003இல் அவர்களிடம் உறுதி எழுதித் தந்தார். 2010 ஜனவரியில் அவர் மறைந்தபோது கண்கள் இருவருக்கெனவும், உடல் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனைக்கெனவும் கொடுக்கப்பட்டன. அவ்வியக்கத்தின் தலைவர் பிரஜ ராய் 2021 மே மாதம் கோவிட் நோயால் இறந்தார். புதிய நோயின் தன்மையை அறிவதற்காக அவருடல் ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் ஆராயப்பட்டது. நோயுற்ற உடலும் அறிவுக்கு விளக்காகலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மஞ்சள் காமாலைக் கிருமி, எய்ட்ஸ் கிருமி முதலியன உள்ள உடல்களையும், பிரேதப் பரிசோதனை செய்த உடல்களையும் கல்லூரிகள் பொதுவாக ஏற்பதில்லை. ஆகவே முன்னரே அணுகிக் கேட்டறிதல் வேண்டும். திரிசரணம் ஓதி வழியனுப்பும் சடங்கினை உடலை ஒப்படைக்குமுன் வீட்டிலேயே செய்து முடிக்கலாம்.

சத்புருடர் தானம்

அங்குத்தர நிகாயத்தின் ஐந்தாம் நிபாதத்தில் நல்லோர் செய்யும் தானத்திற்குப் பகவன் ஐந்து இலக்கணம் வகுத்துள்ளார். நம்பிக்கையோடு கொடுத்தல், மதிப்போடு கொடுத்தல், காலமறிந்து கொடுத்தல், இறுக்கமில்லா மனத்தோடு கொடுத்தல் என்பன நான்கு. தனக்கும் பிறருக்கும் ஊறு நேராமல் கொடுத்தல் என்பது ஐந்தாவது.

இவ்வைந்தாவதை ஆழ்ந்து எண்ணுக. கொடுக்க விரும்பி வந்தவர், பெறுபவருக்குச் சிறு ஊறும் நேரலாகாது என்று கையை மடக்கிக்கொள்வாராயின், அம்மடக்கமும் தானத்தின் உறுப்பேயாகும். நம் சகோதரி படிவத்தில் தம் நோயை மறைத்திருந்தால் இரத்தம் எடுக்கப்பட்டிருக்கும்; எவரும் அறிந்திரார். அவர் உண்மையை எழுதினார். அந்த முகாமில் அவர் ஒரு துளியும் சிந்தவில்லை. ஆயினும் முகமறியாத நோயாளி ஒருவருக்கு அபயம் அளித்துத் திரும்பினார்.

அம்மையே, கடன் தீர வழியுண்டு. தங்கள் மக்களும் உறவினரும் நலமுற்றிருப்பின் அவர்களை முகாமுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆடவர் மூன்று மாதத்துக்கொரு முறையும் பெண்டிர் நான்கு மாதத்துக்கொரு முறையும் கொடுக்கலாம். இரத்தத் தட்டணுக்கள் ஐந்து நாளுக்குமேல் நில்லா. புற்றுநோயாளருக்கு அவை ஓயாமல் வேண்டியிருக்கின்றன. கண்ணுக்கும் உடலுக்கும் உறுதி எழுதி, வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். இன்று நோய் கண்டு அஞ்சி நிற்கும் ஒரு பெண்ணின் அருகே சென்று அமருங்கள். "நானும் இவ்வழி வந்தவள், எட்டு ஆண்டு ஆயிற்று" என்று கூறுங்கள். அச்சொல்லை எந்த மருத்துவராலும் தர இயலாது. அதனைத் தரத் தங்களை விலக்குவார் எவருமில்லை.