கன்சல்டிங் வேலைக்காக வெளிநாட்டு எம்.பி.ஏ.: முன்பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகள்

சென்ற மாதம் மேலப்பாளையத்திலிருந்து ஒரு தம்பி தம் வாப்பாவுடன் நம் அலுவலகத்துக்கு வந்தார். பொறியியல் படித்து, மென்பொருள் நிறுவனத்தில் இரண்டு ஆண்டு வேலை பார்த்தவர். ஐரோப்பாவில் ஒரு கல்லூரியில் எம்.பி.ஏ. இடம் கிடைத்த கடிதம் கையில் இருந்தது. "படித்துவிட்டு கன்சல்டிங் போகிறேன்" என்றார். வாப்பா வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கத் தயாராக இருந்தார். "அந்தக் கல்லூரிக்கு எந்தக் கன்சல்டிங் நிறுவனம் ஆள் எடுக்க வருகிறது?" என்று கேட்டேன். தம்பிக்குத் தெரியவில்லை; ஏஜெண்டும் சொல்லவில்லை. அன்று பேசியது மற்ற குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கன்சல்டிங் என்பது பிற நிறுவனங்களின் சிக்கலை ஆராய்ந்து வழி சொல்லும் தொழில். மெக்கின்சி, பி.சி.ஜி., பெய்ன் ஆகிய மூன்றும் இதில் முன்னணி நிறுவனங்கள். இவர்கள் எல்லாக் கல்லூரி வாசலுக்கும் போவதில்லை. தேர்ந்தெடுத்த சில பள்ளிகளிலேயே பெரும்பாலும் ஆள் எடுக்கிறார்கள். ஆகவே பள்ளியின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது.

ஒன்று: வேலைவாய்ப்பு அறிக்கை என்ன சொல்கிறது? நல்ல பள்ளிகள் ஆண்டுதோறும் இதை வெளியிடுகின்றன. எத்தனை பேர் கன்சல்டிங்கில் சேர்ந்தார்கள், எந்த நிறுவனங்கள் எடுத்தன என்று பாருங்கள். ஏற்கெனவே கன்சல்டிங்கில் இருந்து, நிறுவனமே படிக்க அனுப்பி, அங்கேயே திரும்பியவர்களும் அந்தக் கணக்கில் இருக்கலாம். புதிதாக நுழைந்தவர்கள் எத்தனை பேர் என்பதே நம் கேள்வி.

இரண்டு: படிப்புக் காலம் எவ்வளவு? பிரான்சில் 1957இல் தொடங்கிய இன்சியட், சிங்கப்பூரிலும் வளாகம் உள்ள பள்ளி, அதன் எம்.பி.ஏ. 10 மாதம். அமெரிக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் இரண்டு ஆண்டு. நீண்ட படிப்பில் நடுவே கோடைப் பயிற்சி வேலை கிடைக்கும். துறை மாறுவோருக்கு அதுவே பலமுறை நிரந்தர வேலைக்கு வாசலாகிறது. குறுகிய படிப்பில் செலவு குறையும், ஆனால் தன்னை நிரூபிக்க அவகாசமும் குறையும்.

மூன்று: அனுபவம் போதுமா? முன்னணி எம்.பி.ஏ. வகுப்புகளில் நான்கைந்து ஆண்டு வேலை பார்த்தவர்களே அதிகம். புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்கு மேலாண்மை முதுகலை என்று வேறு படிப்பு உண்டு. அதன் வழி கன்சல்டிங்கில் கீழ்ப்படியில் சேரலாம். கோயம்புத்தூரில் பிறந்து, மேலாண்மை அறிஞராக உலகப் புகழ் பெற்ற சி.கே. பிரகலாத், இயற்பியல் படித்தபின் பேட்டரி ஆலையில் நான்கு ஆண்டு வேலை பார்த்தார். அதன்பிறகே அகமதாபாத் ஐ.ஐ.எம்., ஹார்வர்டு எல்லாம். வேலை பார்க்கும் காலம் வீண் போவதில்லை. ஜிமேட் மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும் என்பதால் வேலையில் இருந்துகொண்டே எழுதி வைக்கலாம்.

நான்கு: படித்த நாட்டில் வேலை பார்க்க முடியுமா? பிரிட்டனில் எம்.பி.ஏ. முடித்தவர்கள் தங்கி வேலை தேடும் விசா இரண்டு ஆண்டாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு 18 மாதம்தான். அமெரிக்காவில் எச்-1பி விசாவுக்குக் குலுக்கலைத் தாண்ட வேண்டும். துபாயிலும் ரியாத்திலும் இந்த நிறுவனங்களுக்கு அலுவலகங்கள் உண்டு. வளைகுடாவில் உறவினர் இருக்கும் நம் பிள்ளைகள் அதையும் விசாரிக்கலாம்.

ஐந்து: பணம் யாருடையது? இன்சியட்டில் கல்விக் கட்டணம் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய். தங்கும் செலவு தனி. வட்டியைத் தவிர்க்க நினைக்கும் நம் குடும்பங்களுக்கு இது இன்னும் கனமான கேள்வி. ஆலிம்களிடம் மஷூரா செய்யாமல் கையெழுத்துப் போடாதீர்கள். சிறுபான்மை மாணவர்களின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு ஒன்றிய அரசு தந்த 'படோ பர்தேஷ்' வட்டி மானியம் 2022-23 முதல் புதியவர்களுக்கு இல்லை. இருக்கிறது என்று சொல்லும் ஏஜெண்டை நம்பாதீர்கள். பள்ளிகளே தரும் உதவித்தொகைக்கு முதல் சுற்றிலேயே விண்ணப்பியுங்கள். ஐதராபாத் ஐ.எஸ்.பி.யையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ஆண்டுப் படிப்பு, செலவு பாதிக்கும் குறைவு, மேற்சொன்ன மூன்று நிறுவனங்களும் அங்கே ஆள் எடுக்கின்றன.

இத்தனைக்கும் மேல் நேர்காணல் இருக்கிறது. "ஓர் அரிசி ஆலையில் இலாபம் மூன்று ஆண்டாகக் குறைகிறது, ஏன்?" என்பது போலக் கேட்பார்கள். நெல் விலையா, மின்கட்டணமா, விற்பனையா என்று பிரித்துப் பார்த்துப் பேச வேண்டும். அம்பாசமுத்திரத்து ஆலைக்காரரிடம் அரை நாள் உட்கார்ந்தால் இதற்கு நல்ல பயிற்சி கிடைக்கும்.

அந்தத் தம்பி அந்த இடத்தை ஏற்கவில்லை. வேலையைத் தொடர்ந்துகொண்டே ஜிமேட்டுக்குப் படிக்கிறார். வீட்டுப் பத்திரம் உம்மாவின் அலமாரியிலேயே இருக்கிறது. இதுபோன்ற கடிதம் உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால், முன்பணம் கட்டுவதற்கு முன் அதை அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து உட்கார்ந்து படித்துப் பார்ப்போம்.