உமிக்கரியும் கூசுகிற பல்லும்

மட்டக்களப்புப் படுவான்கரையில் உமிக்குப் பஞ்சமில்லை. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல் ஆலைக்குப் போனால் உமி மலைபோலக் குவியும். அதைக் கரித்து, உப்புக்கல்லோடு நுணுக்கிப் பல் தீட்டிய தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் பல் கூசுகிறது என்று சொன்னால் அவர்கள் தரும் முதல் ஆலோசனை: "பேஸ்ட்ட உட்டுப்போட்டு உமிக்கரியால அழுத்தித் தீட்டு மனே."

ஊத்தையைப் போக்குவதில் உமிக்கரி கெட்டிக்காரன்தான். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, மணலில் இருக்கும் அதே சரக்கு. அதனால்தான் வெண்கல விளக்கை அது பளபளப்பாக்குகிறது. பல்லின் மேலோடான எனாமல் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் கனிமம். உடம்பிலேயே கடினமான பொருள். ஆனால் அதில் உயிரணு இல்லை, தேய்ந்தால் திரும்ப வளராது. முரசுக்குக் கீழே வேர்ப் பகுதியில் எனாமலே கிடையாது. அழுத்தித் தீட்டித் தீட்டி முரசு இறங்கிவிட்டால் வெளியே தெரிவது அந்த வேர். நீண்ட நாள் கரியாலோ வன்மையான பிரஷாலோ தீட்டிய ஒருவரின் வேட்டைப்பல்லை வெளிச்சத்தில் பாருங்கள். முரசை ஒட்டி ஒரு வெட்டு, ஆப்பு வடிவில், சற்று மஞ்சளாக. நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும். கூச்சம் பெரும்பாலும் அங்கேதான்.

அந்த மஞ்சள் பகுதிக்கு டென்டின் என்று பெயர். அதில் ஒரு சதுர மில்லிமீற்றருக்குள் பல்லாயிரம் நுண்குழாய்கள் உள்ளே நரம்பை நோக்கிப் போகின்றன. அவற்றில் திரவம் நிற்கிறது. குளிரோ காற்றோ இனிப்போ பட்டதும் அந்தத் திரவம் அசைகிறது, நரம்பு அதிர்கிறது. சுவீடன் நாட்டின் மார்ட்டின் பிரான்ஸ்ட்ரோம் 1960களில் பரிசோதனைகளோடு நிறுவிய விளக்கம் இது. ஆகவே கூச்சம் என்றால் குழாய்வாய்கள் திறந்து கிடக்கின்றன என்று பொருள். இன்னும் அழுத்தித் தீட்டினால் அடைபடுமா?

"அந்தக் காலத்து ஆக்களுக்குப் பல்லுக் கூசினதா?" என்ற கேள்வி வரும். கூசியது. பல்லே போனவர்களுக்குக் கூச்சமும் போய்விட்டது, அவ்வளவுதான்.

அடுத்தது பல்லுப்பூச்சி. கண்டங்கத்தரி விதையைத் தணலில் போட்டு, புகையை வாய்க்குள் பிடித்தால் பூச்சி உதிரும் என்பார்கள். தண்ணீரில் வெள்ளையாக ஏதோ மிதப்பதைக் காட்டவும் செய்வார்கள். ஐரோப்பாவிலும் இதே வைத்தியம் வேறொரு செடியின் விதையை வைத்து நடந்தது. பாரிஸ் பல் வைத்தியர் பியர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட தம் நூலிலேயே பூச்சிக் கதையை ஏற்கவில்லை. ஜெர்மன் பாதிரியார் ஷேஃபர் 1757இல் அந்தப் "புழு"க்களை ஆராய்ந்து பார்த்தார்: சூட்டில் வெடித்த விதையின் முளைக்கரு. பல்லே இல்லாத இடத்தில் விதையைச் சுட்டாலும் அது வரும். புகையின் சூட்டில் வலி சற்று அடங்கலாம். ஓட்டை அப்படியே இருக்கும்.

புளிப்புப் பட்டால் பல் கூசும் என்ற நம்பிக்கை பாதி சரி. தேசிக்காய், புளி, பச்சை மாங்காய், கடைச் சோடா எல்லாம் எனாமலை இளக்கும். தேசிக்காய்த் தோலைப் பல்லில் தேய்த்து வெண்மையாக்குவது கூச்சத்தைக் காசில்லாமல் வாங்குகிற வழி. புளிப்புச் சாப்பிட்டால் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, அரை மணித்தியாலமாவது கழித்துத் தீட்டலாம். ஆனால் இதே பட்டியலில் நம் எருமைத் தயிரையும் சேர்க்கிறார்களே, அதுதான் அநியாயம். தயிர் புளிப்புத்தான், என்றாலும் அதில் கல்சியமும் பொஸ்பேற்றும் நிறைந்திருப்பதால் எனாமலிலிருந்து அவற்றை உருவுவதற்கு இடமில்லை. சட்டித் தயிர் குளிர்ந்திருந்தால் பல் கூசும், அது குளிரின் வேலை. மேலே கொட்டும் சீனிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

"பிள்ளைக்கு ஒரு பல்லு" என்பதும் உண்மையல்ல. வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லிலிருந்து கல்சியத்தை உறிஞ்சுவதில்லை. சத்தி எடுக்கும்போது வரும் அமிலமும், முரசு வீங்கி இரத்தம் கசிவதும்தான் அந்த மாதங்களில் பல்லைப் படுத்துகின்றன. சத்தி எடுத்த உடனே பிரஷைத் தூக்காமல் வாயைக் கொப்பளித்தால் போதும். வளர்ந்தவரின் கூச்சம் கல்சியக் குளிசை விழுங்கித் தீராது.

வேறு சிலர் கிணற்றுத் தண்ணீரைக் குறை சொல்வார்கள். உலர் வலயத்துச் சில கிணறுகளில் புளோரைட் கூடுதல் என்பது உண்மை. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். ஆனால் அதன் கறை விழுவது முரசுக்குள் பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில். நாற்பது வயதில் புதிதாகத் தொடங்கிய கூச்சத்துக்குக் கிணறு பொறுப்பாளி ஆகாது.

"பல் கிளீன் பண்ணினா எனாமல் போயிரும்" என்ற பயமும் வேண்டாம். பல்லில் படிந்த காரை மூடியிருந்த வேர் வெளியே வருவதால் சில நாள் கூசும், பிறகு அடங்கும்.

கூச்சப் பேஸ்ட் பொய் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மூன்று நாளில் கைவிட்டவர்கள். பொட்டாசியம் நைத்திரேற்று சேர்ந்த பேஸ்ட் நரம்பை அடக்க இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். வேறு சில பேஸ்ட்கள் குழாய்வாயை அடைக்கும். மென்மையான பிரஷால் தினம் இரண்டு முறை தீட்டிவிட்டுத் துப்புங்கள், செம்புத் தண்ணீரால் அலசாதீர்கள். கராம்பு எண்ணெய் மரக்கச் செய்யும், பல் வைத்தியரும் அதன் சரக்கைத் தற்காலிக அடைப்பில் சேர்க்கிறார். ஆனால் வீட்டில் அப்படியே ஊற்றினால் முரசு வெந்துபோகும்.

நாலு வாரத்திலும் குறையாவிட்டால் அது வெறும் கூச்சமாக இல்லாமல் இருக்கலாம். தண்ணீரை எடுத்த பிறகும் வலி நின்றாலோ, சூட்டுக்கு வலித்தாலோ, இரவில் எழுப்பினாலோ நரம்பு அழற்சி. கடிக்கும்போது ஒரே பல் வெட்டினால் கீறலாக இருக்கலாம். வெற்றிலை பாக்குப் போடுகிறவருக்குக் காரம் பட்டால் வாய் எரிந்து, வாய் முன்புபோல அகலத் திறக்கவில்லை என்றால் அது பல் சம்பந்தப்பட்டதே அல்ல. பாக்கு உள்தோலை இறுக்குகிறது. பாக்கைப் புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்துவிட்டது. இதைப் பேஸ்ட் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை உட்பட அரச பல் சிகிச்சைப் பிரிவுகளில் பார்ப்பதற்குக் காசு இல்லை. போகும்போது எந்தப் பல், குளிருக்கா சூட்டுக்கா, எத்தனை நேரம் நிற்கிறது என்று கவனித்துக்கொண்டு போங்கள். வெற்றிலை போடுகிறீர்களா என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். வாயைத் திறந்தால் எப்படியும் தெரியப்போகிறது.