சுறாவுக்கு மந்திரம், ஞாயிறுக்கு உத்தரவு

கேள்வி: அரசு வேறு, மதம் வேறு என்ற எண்ணம் முதலில் எங்கே பிறந்தது? (வாசகர் ஒருவர், கொண்டச்சி)

பதில்: அமெரிக்காவில் என்று பலரும் அடித்துச் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது, அது அந்த நாட்டு அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது என்பார்கள். இல்லவே இல்லை. அந்தச் சுவர், ஜனாதிபதி ஜெபர்சன் 1802 ஜனவரி 1ஆம் திகதி டான்பரி பப்டிஸ்ட் சபையாருக்கு எழுதிய கடிதத்தில்தான் நிற்கிறது.

அதை விடுங்கள். அதே காலத்தில் கேள்வி கேட்டவரின் ஊர்க் குடாவில் நடந்தது இன்னும் சுவாரசியமானது. முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடக்கும்போது கத்தோலிக்கக் குளியாளர்கள் ஞாயிறன்று கடலுக்குப் போகாமல் அரிப்பு என்ற ஊரின் கோயிலுக்குச் செபத்துக்குப் போய்விடுவார்கள். இந்துக்களின் திருநாள், முஸ்லிம்களின் பெருநாள் என்றால் கேட்கவே வேண்டாம், அந்த நாட்களில் யாரும் கைவைக்க முடியாது. புயலும் பண்டிகையும் சேர்ந்து நாட்களைத் தின்றுவிட்டால் சலாபத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் தலையில் கை வைப்பார். உடனே பிரித்தானிய அரசாங்கத்தின் உத்தரவு பிறக்கும்: கத்தோலிக்கர் ஞாயிறும் குளிக்க வேண்டும்! 1803இல் வெளிவந்த நூலில் கப்டன் பெர்சிவல் இதை எழுதி வைத்திருக்கிறார். கிறிஸ்தவ அரசாங்கம் பிறர் பண்டிகையை விட்டுவிட்டு, கிறிஸ்தவனின் ஓய்வுநாளைப் பறித்த அழகைப் பாருங்கள்.

இந்தப் பகுதி எத்தனையோ தரம் சொன்னதுதான்: அரசுக்கு மதம் உண்டா என்று சட்டப் புத்தகத்தில் தேடாதீர்கள், கணக்குப் புத்தகத்தில் தேடுங்கள்.

கேள்வி: கடல்கட்டி என்பவர் உண்மையிலேயே சுறாவைக் கட்டினாரா?

பதில்: கேட்டது நல்லதாயிற்று, மேலே சொல்ல இடம் போதவில்லை. சுறாவின் வாயைக் கட்டும் கடல்கட்டி வராமல் எந்தக் குளியாளும் கடலில் இறங்கமாட்டான். ஆகவே அவரும் சலாப நிர்வாகத்தின் இன்றியமையாத அங்கம் என்கிறார் 1807இல் இலங்கை பற்றிய நூலை வெளியிட்ட பாதிரியார் கார்டினர். ஒருவர் தலைமை வள்ளத்தில் கடலுக்குப் போவார். இன்னொருவர் கரையில் ஓர் அறைக்குள் உடையின்றி அடைபட்டிருப்பார். அவர் முன்னால் பித்தளைப் பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் வெள்ளியில் செய்த ஆண் மீனும் பெண் மீனும். கடலில் சுறா கடித்தால் இங்கே ஒரு மீன் மற்றதைக் கடிக்குமாம். கடல்கட்டிகளை எத்தர்கள் என்று கார்டினர் திட்டுகிறார். அவரோ கொழும்புப் படைக்கு அரசு நியமித்த பாதிரியார்!

இதைவிடப் பெரிய வேடிக்கையை, இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் எழுதினார். அவர் அரிப்புக்குப் போன சமயம் கடல்கட்டிப் பரம்பரையின் தலைவர் ஒரு கத்தோலிக்கர். அவருக்குச் சுகமில்லாததால் பதிலாள் வந்திருந்தார். தனக்கு மந்திரம் தெரியாது, ஆனால் தலைவரின் பிரதிநிதி என்ற மரியாதையைச் சுறாக்கள் காப்பாற்றும் என்றார் அந்தப் பதிலாள். அரச அலுவலகங்களில் இதே முறை இன்றும் நல்லபடி நடக்கிறது.

இதற்கெல்லாம் முன்பே, மார்க்கோ போலோ காலத்தில், எடுத்த முத்தில் மன்னனுக்குப் பத்தில் ஒரு பங்கு, மீன் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கு. மந்திரம் பகலுக்கு மட்டும்தான், இரவில் அவிழ்த்துவிடுவார்கள். திருட்டுத்தனமாகக் குளிக்க நினைப்பவனுக்கு இதைவிடக் காவல் வேண்டுமா? கணக்குப் புத்தகம் என்று சொன்னேனே!

கேள்வி: அப்படியானால் இலங்கையில் அரசும் மதமும் பிரிந்தது எப்போது?

பதில்: அங்கிலிக்கன் சபைக்குப் பொதுப் பணத்திலிருந்து போன உதவியை நிறுத்துவதென 1881இல் முடிவாகி, ஐந்து ஆண்டுகளில் படிப்படியாக அது நின்றது. பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும் கட்டிய வரி ஆயரின் சம்பளத்துக்குப் போவானேன் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. அதாவது கதவைப் பூட்டினார்கள். 1972 அரசியலமைப்பின் 6ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்துக் கதவைத் திறந்தது. 1978இன் 9ஆம் உறுப்புரையும் அப்படியே. பிற மதத்தாரின் உரிமைகள் 10ஆம், 14ஆம் உறுப்புரைகளில் இருக்கின்றன.

கேள்வி: முத்துச் சிப்பி இப்போதும் கிடைக்குமா?

பதில்: தலைப்பை விட்டு எங்கேயோ போகிறீர்கள், பரவாயில்லை. 1906இல் ஓர் ஆங்கிலக் கொம்பனி பார்களை, அதாவது சிப்பி விளையும் கடலடித் திட்டுகளை, 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு அதற்குச் சிப்பி கிடைக்கவில்லை, கொம்பனி படுத்துவிட்டது. இன்று கொண்டச்சிக்குப் போனால் மரமுந்திரிகை வாங்கலாம். முத்து வேண்டுமென்றால் நகைக்கடைக்குப் போங்கள்.