கடை சாத்திய பிறகும் தூக்கம் வரவில்லையா?

கம்பம், கூடலூர் பக்கம் ஓட்டல் பிழைப்பே சீசனை நம்பித்தான். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள், சித்திரையில் வீரபாண்டித் திருவிழா, கோடையில் தேக்கடி, சுருளி, மேகமலைக் கூட்டம். 2020 மார்ச் 24 மாலை கொரோனா ஊரடங்கில் தமிழ்நாடு அடைபட்டதும் அந்த ஆண்டின் சித்திரையும் கோடையும் அப்படியே போயின. தேக்கடி விடுதிகளில் வேலை பார்த்த நம் ஊர்க்காரர்களுக்குக் குமுளிச் சோதனைச்சாவடியைத் தாண்டவே பாஸ் வேண்டியிருந்தது. கார்த்திகையில் சபரிமலை நடை திறந்தபோதும் வார நாட்களில் 1,000 பேருக்குத்தான் முதலில் அனுமதி. 2022 டிசம்பரில் அதுவே நாளொன்றுக்கு 90,000 முன்பதிவு! கூட்டம் திரும்பிவிட்டது, வேறு வேலைக்குப் போன ஆட்கள் எல்லோரும் திரும்பவில்லை. இருந்தவர்கள் தலையில் டபுள் டூட்டி விழுந்தது.

கல்லா நிறைந்தால் வேலையாட்களின் மனசும் நிமிர்ந்துவிடும் என்பது முதலாளிகளின் கணக்கு. அது தப்புக் கணக்கு. "மறுபடியும் மூடிட்டா என்ன பண்றது?" என்ற பயம் போகாதவர் லீவு கேட்க மாட்டார், உடம்பு முடியாவிட்டாலும் அடுப்படியில் நிற்பார்.

முதலில் பணத்தைப் பாருங்கள். மனக்கஷ்டத்தைப் பேசும்போது கடனை விட்டுவிட்டுப் பேசுவது வீண். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதற்கு மேல் குழுக் கடன், முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸ். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வீட்டில் காட்டுங்கள். மறைத்து வைத்த கடன்தான் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பும். அட்வான்ஸை ஒரே சீசனில் கழிக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். "அண்ணே, மாசாமாசம் கொஞ்சமா பிடிச்சுக்கங்க" என்று சீசனுக்கு முன்பே பேசிவிடுங்கள். ஆள் தேவைப்படும் நேரத்தில்தான் உங்கள் பேச்சு எடுபடும்.

அடுத்தது தூக்கம். ராத்திரி டூட்டி முடிந்து ஒரு கட்டிங் போட்டால் கண் சொக்கும், உண்மைதான். ஆனால் பாதி ராத்திரியில் விழிப்பு வந்துவிடும், மறுநாள் எரிச்சல் இரட்டிப்பாகும். டூட்டியின் கடைசி சில மணி நேரம் டீயைக் குறையுங்கள். டீ மாஸ்டரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார், பரவாயில்லை.

தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை, காரணமில்லாத கோபம், சாப்பாடு இறங்காமை இதெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது வெறும் அலுப்பில்லை. டாக்டரைப் பார்க்க வேண்டும். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆனால் புறநோயாளி நேரம் காலையில், இட்லி வியாபாரமும் காலையில். கம்பத்திலிருந்து போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் முதல் படியாகப் போனை எடுங்கள்: 14416. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவை இது. 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழில் பேசலாம். கடை சாத்திய பிறகு 12 மணிக்கும் கூப்பிடலாம். குமுளிக்கு அந்தப் பக்கமும் இதே எண்தான்.

கூட வேலை பார்ப்பவர் "இருந்து என்ன பண்ணப் போறேன்" என்று சொன்னால் கேலி செய்யாதீர்கள், புத்தியும் சொல்லாதீர்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தனியாக விடாமல் கூடவே இருந்து அதே எண்ணுக்குப் பேச வையுங்கள். அவசரமென்றால் 108.

முதலாளிகளுக்கும் சில வார்த்தை. டூட்டி யாருக்கு எப்போது என்பதை ஒரு வாரம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தையே திருத்தினார்கள். கல்லாவில் நிற்பவருக்கும் சப்ளையருக்கும் ஆளுக்கொரு ஸ்டூல் பெரிய செலவில்லை. வார விடுமுறையைச் சீசனிலும் வெட்டாதீர்கள். 14416 என்ற எண்ணைச் சமையலறைச் சுவரில், காஸ் ஏஜென்சி நம்பருக்குப் பக்கத்தில் இன்றைக்கே எழுதி ஒட்டுங்கள்.