குடியானவர் வீட்டின் உட்புறம்

நாட்டுப்புறத்து வீட்டை வெளியிலிருந்து நோக்குவோர் சுவரையும் கூரையையும் மட்டுமே காண்பர். அங்கு வாழும் குடும்பத்தின் உழைப்பும் சிக்கனமும் அறிவும் வீட்டின் உட்புறத்திலேயே விளங்கும். இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டுவது, ருமேனியா நாட்டின் தலைநகரான புக்காரெஸ்டில், ஹெராஸ்திராவு ஏரிக்கரையில் அமைந்துள்ள கிராமக் காட்சிசாலையாகும். அதன் வரலாறு ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் அறிந்து பயன்கொள்ளத் தக்கது.

தோற்றம்

புக்காரெஸ்ட் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக விளங்கிய திமித்ரியே குஸ்தி, 1925ஆம் ஆண்டு முதல் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அழைத்துச் சென்றார். நிலம், வருவாய், உணவு, உடல்நலம், வழக்கங்கள் ஆகியவற்றை அவர்கள் வீடு வீடாகச் சென்று எழுதி வைத்தனர். 1934ஆம் ஆண்டு முதல் மருத்துவமும் வேளாண்மையும் பயின்றோர் அடங்கிய மாணவர் குழுக்கள் கிராமங்களில் தங்கிச் சுகாதாரப் பணியும் பயிர்ப்பணியும் ஆற்றின. இம்முயற்சிகளின் விளைவாகவே 1936ஆம் ஆண்டு மே மாதம் காட்சிசாலை திறக்கப்பெற்றது. பல மாவட்டத்து வீடுகளை அந்தந்த ஊரிலேயே மரம் மரமாகப் பிரித்துக் கொணர்ந்து, கிராமத்துத் தொழிலாளரைக் கொண்டே மீண்டும் எழுப்பினர். தொடக்கத்தில் ஏறத்தாழ 11 ஏக்கரில் அமைந்த இக்காட்சிசாலை இன்று 25 ஏக்கருக்கு மேல் விரிந்துள்ளது.

உட்புற அமைப்பு

ஒல்த்தேனியாவின் சமவெளிப் பகுதியிலிருந்து கொணர்ந்த வீடு, பாதி நிலத்தினுள் புதைந்தது. பருத்த மரங்களை அடுக்கிச் சுவராக்கி, மேலே மண்ணும் வைக்கோலும் இட்டிருக்கின்றனர். இதனால் குளிர்காலத்தில் வெதுவெதுப்பும் கோடையில் குளிர்ச்சியும் கிடைக்கும். அடுப்பின் வாய் சமையலறையில் இருக்க, அதன் உடற்பகுதி அடுத்த அறைக்குள் நீண்டிருக்கும். ஆகவே படுக்கும் அறைக்கு அனல் வரும், புகை வாராது. எழுதப் படிக்க அறியாத குடியானவரும் எத்துணை நுட்பமாகச் சிந்தித்துள்ளனர் என்பதற்கு இஃதொரு சான்று.

வடக்கே மலைப்பாங்கான மரமுரேஷ் பகுதியின் வீடு மரத்தாலும் மரப்பலகை ஓட்டாலும் ஆயது. ஒரு மூலையில் அடுப்பு. அதற்கு எதிர் மூலையில் சாப்பாட்டு மேசை. சுவரோரம் நீண்ட விசிப்பலகைகள். மேல்தளத்திலிருந்து தொங்கும் கழியில் பெண்டிர் நெய்த கம்பளங்களும் துணிகளும் வரிசையாக இடப்பட்டிருக்கும். மணமகளின் சீர்ப்பொருள் வைக்கும் மரப்பெட்டியும் அவ்வறையிலேயே உண்டு. கழியில் அடுக்கிய துணியைக் கண்ட அளவிலேயே, அவ்வீட்டுப் பெண்டிர் குளிர்காலத்தை எவ்வாறு கழித்தனர் என்பது விளங்கும். அதே துணியைத் தனியே எடுத்துக் கண்ணாடிப் பேழையுள் வைத்தால் அது வெறும் துணியே. பொருளுக்குப் பேசும் ஆற்றலைத் தருவது அது இருந்த இடமும் அதனைக் கையாண்ட கையுமாகும்.

நேர்ந்த இடையூறுகள்

1940ஆம் ஆண்டு சோவியத் ஒன்றியத்தின் வசமான பகுதிகளிலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் இவ்வீடுகளிற் குடியமர்த்தப்பட்டன. வீடிழந்தோர்க்கு நிழலளித்தது தக்கதே எனினும், கட்டடங்கள் பல சிதைவுற்றன. 1948இல் காட்சிசாலை மீண்டும் திறக்கப்பெற்றது. பின்னர் 1997இலும் 2002இலும் தீ விபத்துக்கள் நேர்ந்தன. மரமும் வைக்கோலும் நிலையானவை அல்ல. ஆதலின் பொருளைக் காப்பதோடு, அதைப்பற்றிய குறிப்பையும் காத்தல் இன்றியமையாதது.

நாம் கொள்ளத்தக்க பாடம்

பழைய வீடுகள் யாவும் நல்லவை என்பது நம் கருத்தன்று. காற்றும் வெளிச்சமும் புகாத வீடு மாற வேண்டியதே. ஆனால் குஸ்தி அவர்களின் பணியில் ஆய்வும் சீர்திருத்தமும் ஒன்றையொன்று தழுவியே சென்றன. வீட்டின் உட்புறத்தை அறியாதவன் அதனைத் திருத்தப் புகுந்தால், புதிய வீட்டில் தானியத்திற்கு இடமிராது, கன்றுக்கு நிழலிராது, அடுப்புப் புகை கூடத்திலேயே சுற்றும்.

ஆகவே ஊரில் ஒரு பழைய வீடு இடிக்கப்படுமுன் ஊராட்சியினர் ஒரு நாளை அதற்கென ஒதுக்குவாராக. அடுப்பு, குதிர், பரண், உரல், மாடம் ஆகியவை எங்கெங்கே இருந்தன, ஊர் வழக்கில் அவற்றின் பெயர் யாது, அவ்விடத்தில் வைத்த காரணம் என்ன என்பவற்றை அவ்வீட்டு மூதாட்டியாரிடமே கேட்டு எழுதுக. அளவுடன் ஒரு வரைபடமும் வரைக. ஒரு படியை ஊராட்சி அலுவலகத்திலும், மற்றொன்றைப் பள்ளிக்கூடத்திலும் வைத்தல் நலம். பள்ளிப் பிள்ளைகளை இப்பணியில் ஈடுபடுத்தினால் செலவு ஒரு குறிப்பேட்டின் விலையே. புதிய வீட்டிற்குத் திட்டம் வரைவோர் அக்குறிப்பேட்டை முதலிற் படிப்பாராயின், அங்கே குடிபுகும் குடும்பம் அதன் பயனை நாள்தோறும் துய்க்கும்.