நோட்டுப் புத்தகத்திலிருந்து வீடியோ கேம் வரை

போன பூஜை விடுமுறையில், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். நாற்பது பக்கம். இந்தியா முழுவதும் ரயில் விடும் வீடியோ கேம். வெள்ளம், பனிமூட்டம், கொள்ளைக்காரர்கள் எல்லாம் அதில் உண்டு. "எப்போ செய்யப் போறே?" என்றேன். "அதுதான் தெரியல தாத்தா" என்றாள்.

நம் சங்கத்துப் பிள்ளைகள் பலரிடம் இப்படி ஒரு நோட்டு இருக்கும். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. டிப்ளமா முடித்து ரயில்வேயில் எஸ்டிமேட் போட்டே காலம் கழித்தவன். ஆனாலும் ஓர் எண்ணம் வேலையாக மாறும் வழி எல்லாத் துறையிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் நம்மவர் செய்த ஒன்றைப் பார்ப்போம். கனடாவின் டொரண்டோ நகரிலுள்ள 'விசை கேம்ஸ்' என்னும் சிறிய குழு, 2023 ஜூலை 31 அன்று 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். துப்பாக்கி இல்லை, ஓட்டப்பந்தயம் இல்லை. அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விடுபட்டதை ஊகித்துச் சமைக்க வேண்டும், அவ்வளவே. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி சரியாக ஏறும் என்பதே ஒரு புதிர்! நம் வீட்டுப் பாட்டிமார் சிரிப்பார்கள். ஆனால் 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு இதற்குச் சிறந்த அறிமுக விளையாட்டு விருதைக் கொடுத்தது. அதே ஆண்டு சுயேச்சை விளையாட்டு விழாவின் தலையாய பரிசும் இதற்கே கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது அளவு. முழு விளையாட்டும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சமைக்கும் பண்டங்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. புலம்பெயர்ந்தோர் வாழ்க்கை முழுவதையும் சொல்ல ஆசைப்பட்டிருந்தால் அதுவும் நாற்பது பக்க நோட்டாகவே நின்றிருக்கும்.

குறைப்பதற்கு இன்னொரு நல்ல உதாரணம் டெட்ரிஸ். 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் ஐந்து சதுரங்கள் சேர்ந்த பன்னிரண்டு வடிவங்களை வைத்து யோசித்தார். அவை அதிகமென்று தோன்றவே, நான்கு சதுரங்கள் சேர்ந்த ஏழு வடிவங்களுக்கு இறங்கினார். அவருடைய கம்ப்யூட்டரில் படம் வரையும் வசதி இல்லை. அடைப்புக்குறிகளையே கட்டங்களாக வைத்து ஓட்டிக் காட்டினார். அழகு பிறகு வந்தது.

ஆகவே பேத்தியிடம், "இந்தியா வேண்டாம், நம்ம லேக் கார்டன்ஸ் ஸ்டேஷன் போதும்" என்றேன். முகம் வாடிவிட்டது. கேமை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொன்னேன். மூன்று நாள் கழித்து வந்தது: "சிக்னலை மாற்றி, வண்டிகள் மோதாமல், பயணிகளைக் காக்க வைக்காமல் அனுப்ப வேண்டும்."

கம்ப்யூட்டரைத் தொடவிடவில்லை. பழைய காலண்டர் அட்டையின் பின்புறம் தண்டவாளம் வரைந்தோம். கேரம் காய்கள் வண்டிகள், தாமதத்துக்குத் தாயக்கட்டை. விதி ஒன்றே ஒன்று: ஒரு பிளாக் செக்‌ஷனில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். அது எங்கள் தொழிலின் வேதம். விளையாடிப் பார்த்தால் படுமோசம்! எல்லா சிக்னலையும் சிவப்பாக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பவரே ஜெயித்தார். பேத்திக்கு அழுகை, நோட்டை மூடி வைத்துவிட்டாள்.

உண்மையில் அதுதான் அந்த வேலையிலேயே லாபமான நாள். இதே குறை, ஆறு மாதம் கம்ப்யூட்டரில் உழைத்த பிறகு தெரிந்திருந்தால்? நாலு நாள் கழித்து அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வண்டி நிற்கும் ஒவ்வொரு முறைக்கும் பிளாட்பாரத்தில் இரண்டு புளியங்கொட்டை கூடும். இருபது சேர்ந்தால் ஆட்டம் முடிந்தது. அன்று மாலை நாங்கள் இருவரும் காபியை மறந்து விளையாடினோம்.

அதன் பிறகே 'ஸ்கிராட்ச்'. எம்.ஐ.டி. நிறுவனத்தில் உருவாகி 2007இல் வெளிவந்த இலவச மென்பொருள் இது. கட்டளைகளைக் கட்டைகள் போல் ஒட்டவைத்தால் போதும்.  பெரிய பிள்ளைகளுக்கு 'கோடோ' இருக்கிறது, அதுவும் இலவசமே. வேலை தொடங்குமுன் நாள்கணக்கு போடுங்கள். போட்டதை இரண்டால் பெருக்குங்கள். சிவப்பு சிக்னலில் ஒரு வண்டியை நிறுத்துவதற்கே எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது.

பிறகு, விளையாடத் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார வேண்டும். இது மிகக் கடினம். எங்கள் வீட்டில் பாட்டிதான் முதல் ஆள். பச்சையை அழுத்துவதற்குப் பதிலாக வண்டியையே அழுத்திக்கொண்டிருந்தாள். பேத்தி சொல்லித்தரத் துடித்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். தவறு பாட்டியுடையதல்ல, திரையுடையது.

பாட்டி இன்னொன்றும் கேட்டாள்: "அறிவிப்பெல்லாம் வங்காளத்திலும் இங்கிலீஷிலும் இருக்கே, தமிழ் எங்கேடி?" பேத்தி என்னைப் பார்த்தாள். வீட்டில் தமிழ் பேசுவாளே தவிர எழுதத் தெரியாது. 'வெண்பா'வில் கவின் அம்மாவின் தமிழ்க் குறிப்பைப் படிக்கத் திணறும் இடம் எனக்கு நினைவு வந்தது. நான் எழுதித் தருகிறேன் என்றேன்; வேண்டாம் என்றாள்.

இப்போது தினமும் இரவு பாட்டியிடம் இரண்டு இரண்டு எழுத்தாகப் போகிறது. 'வண்டி' வந்துவிட்டது. 'நிலையம்' பாதியில் நிற்கிறது.