எண்ணெய் கலந்த தண்ணீருக்கு எந்தக் களிமண்?

ஒரு கிலோ களிமண் எவ்வளவு எண்ணெய் உறிஞ்சும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். உறிஞ்சியபின் மிதக்குமா, அள்ள வருமா என்று கேட்பதே முறை. 1967-இல் டோரி கேன்யன் எண்ணெய்க் கப்பல் உடைந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் ஸ்டியரிக் அமிலம் ஏற்றிய சுண்ணப் பொடியைத் தூவி எண்ணெயைக் கடலடிக்கு அனுப்பினார்கள். கண்ணுக்கு மறைந்தது, அவ்வளவுதான். அமெரிக்க விதிகள் இன்று மூழ்கடிக்கும் பொருள்களை அனுமதிப்பதே இல்லை.

எர்த் குழியில் எலக்ட்ரீஷியன் கொட்டுகிறாரே, அந்த பென்டோனைட்டை அப்படியே போட்டால் தண்ணீரைக் குடித்து உப்பும், எண்ணெயைச் சீண்டாது. அதன் தகடுகளுக்கு இடையிலுள்ள சோடியம் அயனிகளை வெளியேற்றி, நீண்ட கார்பன் வால் கொண்ட அம்மோனியம் உப்பை ஏற்றினால் குணமே மாறிவிடும்: தண்ணீரைத் தள்ளும், எண்ணெயை இழுக்கும். சந்தையில் இதற்கு ஆர்கனோகிளே என்று பெயர். கனமான சரக்கு, கடலில் தூவ வேண்டாம். தொட்டியில் நிரப்பி, ஒர்க்‌ஷாப், ஆலைக் கழிவுநீரை அதன் வழியே விடுவதற்கு என் தேர்வு இதுதான். கரி வடிகட்டி வைத்திருப்பவர்கள் அதற்கு முன்னால் இதை வைக்கட்டும். இல்லாவிட்டால் கரியின் நுண்துளைகளை எண்ணெய் அடைத்துவிடும். அம்மோனியம் உப்பை அளவுக்கு மீறி ஏற்றிய மட்டச் சரக்கு, மிச்சத்தைத் தண்ணீரில் விடும். அது மீனுக்கு நஞ்சு.

மேலே மிதக்கும் படலத்துக்கு வெர்மிகுலைட். மாடித் தோட்டத் தொட்டியில் கலக்கும் அதே பொருள். சுமார் 900 டிகிரியில் சூடேற்றினால் அடுக்குகளுக்குள் உள்ள நீர் ஆவியாகி, துருத்திபோல் விரிந்து லேசாகிறது. திருப்பத்தூர் பக்கம் சேவத்தூரில் தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனமான டாமினுக்கு இதற்கென்றே ஒரு சுரங்கம் உண்டு. வெறும் வெர்மிகுலைட் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சி அமிழ்ந்துவிடும். மெழுகோ சிலிக்கோனோ பூசியதாக வாங்குங்கள். தூவாமல் வலைப்பையில் அடைத்து மிதக்கவிட்டால் திரும்ப இழுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் லிப்பி சுரங்கத்துச் சரக்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்த கதை உண்டு. ஆகவே பரிசோதனைச் சான்றும் கேளுங்கள்.

2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபின் கரை ஒதுங்கிய கசடு போன்ற கெட்டி எண்ணெய்க்கு இரண்டுமே ஆகாது. நுண்துளைக்குள் அது இறங்காது. அங்கே ஆட்கள் வாளியால்தான் அள்ளினார்கள்.

வாங்குமுன் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரும் சிறிது டீசலும் ஊற்றி, ஒரு கரண்டி சரக்கைப் போட்டுக் கலக்கி, மறுநாள் பாருங்கள். அடியில் படிந்திருந்தால் கடலுக்கு ஆகாது. எண்ணெய் குடித்த மண் அபாயக் கழிவு. அதை எரிக்க எடுத்துக்கொள்ளும் சிமென்ட் ஆலை எது என்று விற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு பணத்தைக் கொடுங்கள்.